இந்தோனேசியாவில் மூன்று வாரம்: எந்தத் தீவுகளை விடுவது?

வைகறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலை மாதக் கடைசியில் தொடங்கி மூன்று வாரம் இந்தோனேசியாவில் சுற்றி வர நானும் என் கணவரும் என் தாயாரும் எண்ணியிருக்கிறோம். மூவரிடமும் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளது. தாயாருக்கு அறுபத்தெட்டு வயது. சமதரையில் எங்களைவிட நன்றாகவே நடப்பார். செங்குத்தான படிகள் என்றால் மட்டும் முழங்கால் இடம் கொடுக்காது. அவர் முழுச் சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை.

நாங்கள் பார்க்க விரும்பும் இடங்கள் இவை: சுமத்ராவில் தோபா ஏரி, ஜாவாவில் போரோபுதூரும் புரோமோ எரிமலையும், பாலி, கொமோடோ தீவு, சுலாவேசியில் தோராஜா, கடைசியாகப் பப்புவாவை ஒட்டியுள்ள ராஜா அம்பாட். ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் தனித்தனியாகப் படிக்கும்போது, அங்கே மூன்று நாள் தங்கினால் போதும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஏழு இடங்களுக்கு மும்மூன்று நாள் என்றால் இருபத்தொரு நாளில் எல்லாம் அடங்கிவிட வேண்டும். ஆனால் வரைபடத்தைத் திறந்து வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கில் ஏதோ இடிக்கிறது.

எவற்றை விடலாம், எந்த வரிசையில் செல்லலாம், தரைவழி நல்லதா வான்வழி நல்லதா, விசாவுக்கும் பணத்துக்கும் முன்கூட்டி என்ன செய்ய வேண்டும், தாயாரின் உணவுக்கு என்ன வழி என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தென்றல்வழி எழுதியது:

வணக்கம் அம்மா. கணக்கில் இடிப்பது பயண நாள்கள்தாம். மேற்கு முனையிலுள்ள சபாங்கிலிருந்து கிழக்கு முனையிலுள்ள மெராவுக்கே வரை இந்த நாடு 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. தீவுகளின் எண்ணிக்கையோ 17,000ஐத் தாண்டும். நாட்டுக்குள்ளேயே மூன்று நேர வலயங்கள் உள்ளன. தோபா ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டு ராஜா அம்பாட் சென்று சேர வேண்டுமானால், முதலில் காரில் மேடான் நகருக்கு வர வேண்டும், அங்கிருந்து ஜகார்த்தாவுக்கு ஒரு விமானம், ஜகார்த்தாவிலிருந்து சோரோங்குக்கு இன்னொரு விமானம், சோரோங்கில் இறங்கி வாய்சாய்க்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படகு என்று, ஒரு மாற்றத்துக்கே இரண்டு நாள் போய்விடும். உங்கள் ஏழு இடங்களுக்கு இடையே இத்தகைய மாற்றங்கள் ஆறு இருக்கின்றன.

எனவே இடங்களின் பெயரை வைத்துக் கழிப்பதைவிட, நீங்கள் செல்லும் மாதத்தை வைத்துக் கழிப்பதே இங்கே சரியான முறை என்பது என் கருத்து. மே முதல் செப்டம்பர் வரை ஆஸ்திரேலியாப் பக்கமிருந்து வறண்ட தென்கிழக்குக் காற்று வீசுவதால் ஜாவா, பாலி, லோம்போக், புளோரஸ் ஆகிய தீவுகளில் அது மழையற்ற காலம். நவம்பர் முதல் மார்ச் வரை காற்று திசை மாறி அங்கே மழை கொட்டும். ஆனால் இதை நாடு முழுவதற்கும் பொதுவான விதியாகக் கொண்டுவிடக் கூடாது. மலுக்குத் தீவுகளில் உள்ள அம்போனில் ஜூன், ஜூலை மாதங்களில்தான் மழை உச்சத்தில் இருக்கும். ராஜா அம்பாட்டில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தென்காற்றால் கடல் கொந்தளிக்கும்; முக்குளிப்பவர்களைத் தங்கவைத்து அழைத்துச் செல்லும் படகுகளில் பல அந்தப் பருவத்தில் அங்கிருந்து கிளம்பிக் கொமோடோப் பக்கம் வந்துவிடுகின்றன. அதையே தொழிலாகக் கொண்டவர்கள் அங்கே இருக்காத மாதத்தில் நீங்கள் ஏன் செல்ல வேண்டும்? பட்டியலிலிருந்து ராஜா அம்பாட்டை முதலில் நீக்கிவிடுங்கள்.

அடுத்து, ஒரே திசையில் நகரும்படி ஒரு கோட்டைத் தேர்ந்தெடுங்கள். முதல்முறை செல்வோருக்கு நான் சொல்வது ஜாவாவிலிருந்து கிழக்கு நோக்கிய கோடு: ஜகார்த்தாவில் இறங்கி, ஒரே ஓர் இரவு ஓய்வெடுத்து, ரயிலில் யோக்யகர்த்தா, அங்கிருந்து ரயிலிலேயே சுரபாயா, புரொபொலிங்கோ வழியாகப் புரோமோ, பிறகு ஜாவாவின் கிழக்கு முனையில் உள்ள பாஞ்சுவாங்கி சென்று, கெத்தாப்பாங் துறையில் படகேறிப் பாலியின் கிலிமானுக் துறை, பாலியிலிருந்து சற்று அதிகமாக ஒரு மணி நேரம் பறந்தால் கொமோடோவுக்கு வாசலான லபுவான் பாஜோ. ஜாவாவின் ரயில்கள் நேரம் தவறாதவை, தூய்மையானவை. எக்சிகூட்டிவ் வகுப்பில் தாயார் கால் நீட்டி உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டே வரலாம். சீட்டு எடுக்கும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய ஊஷ் அதிவேக ரயில் ஜகார்த்தாவுக்கும் பாண்டுங்குக்கும் இடையே மட்டுமே ஓடுகிறது என்பதால் உங்கள் வழிக்கு அது உதவாது.

பாலி நீரிணையைக் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது என்றாலும் அங்கே நீரோட்டம் வலுவானது. 2025 ஜூலைத் தொடக்கத்தில் ஒரு படகு அங்கே மூழ்கிப் பலர் உயிரிழந்தனர். காற்று பலமாக இருந்தால் துறையிலேயே படகுகளை நிறுத்திவைப்பார்கள். அப்படி நிறுத்தினால் அன்றைய தினத்தை அங்கேயே கழிக்கும் மனநிலையோடு செல்வது நல்லது.

யோக்யகர்த்தாவுக்கு நான்கு இரவுகளைத் தயங்காமல் கொடுங்கள். 9ஆம் நூற்றாண்டில் எழுந்த போரோபுதூரில் மேல்தளம் வரை நாளொன்றுக்கு ஏறுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியோடு குழுவாகத்தான் ஏற வேண்டும். கல் தேயாமல் இருப்பதற்காக உபானத் என்னும் நாரால் பின்னிய செருப்பை அவர்களே தருவார்கள். திங்கட்கிழமை ஏற விடுவதில்லை. சுற்று மதில்களில் 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள் உள்ளன; பொறுமையாக வலம் வந்தால், பாய் விரித்து அலையில் சாயும் கப்பல் ஒன்று, துடுப்புக்கட்டைகள் முதல் பாய்மரக் கயிற்றைப் பிடித்துத் தொங்கும் ஆள்கள் வரை செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். படிகள் உயரமானவை. தாயாருக்கு வளாகச் சீட்டு மட்டும் எடுத்துக் கீழே நின்று பார்க்கச் செய்யலாம்; அதற்கு விலையும் குறைவு.

அவருக்கு உண்மையில் மனம் நிறையும் இடம் பிரம்பானானாகத்தான் இருக்கும். 47 மீட்டர் உயரச் சிவன் கோயிலின் கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில் ராமாயணம் தொடங்கி, பக்கத்திலுள்ள பிரம்மன் கோயிலில் தொடர்கிறது. சிவன் கோயிலின் வடக்கு அறையில் மகிஷாசுரமர்த்தினி, மேற்கில் பிள்ளையார், தெற்கில் அகத்தியர். அவ்வளவு தொலைவில், தென்திசை நோக்கிய தனிக் கருவறையில் குறுமுனிவரைக் காண்பது எந்தத் தமிழருக்கும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிடும். மே முதல் அக்டோபர் வரை, கோயில்கள் பின்னால் ஒளியில் தெரிய, திறந்தவெளி அரங்கில் ராமாயண நாட்டிய நாடகம் நடக்கும். எல்லா நாளும் நடப்பதில்லை என்பதால் அந்த நாளைப் பார்த்துத்தான் யோக்யகர்த்தா இரவுகளை அமைக்க வேண்டும்.

ஏரிக்கரை எழுதியது:

தென்றல்வழி அவர்கள் காட்டிய கோடு குறையற்றது. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் பாதி உலகமும் அதே கோட்டில்தான் நகர்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மாதங்களில் பாலியின் தென்பகுதிச் சாலைகளில் பத்துக் கிலோமீட்டர் செல்ல ஒரு மணி நேரம் ஆவது சாதாரணம். புரோமோவின் காட்சிமேடையில் விடியற்காலையில் சூரியனைவிடத் தொலைபேசித் திரைகளே அதிகம் ஒளிரும்.

ஆகவே வேறு இரண்டு வழிகளையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, வட சுமத்ராவை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பது. தோபா ஏரி, ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த மாபெரும் எரிமலையின் வாயில் நீர் தேங்கி உருவானது; நீளம் 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம் என்பதால் இரவில் போர்வை வேண்டும். பராபாட்டிலிருந்து படகில் சமோசிர் தீவுக்குச் சென்று, துக்துக் கரையில் தங்கி, ஒன்றும் செய்யாமல் நான்கு நாள் இருந்தாலும் அலுக்காது. மேடானில் 1884ஆம் ஆண்டு எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களின் வழிவந்தோர் இன்றும் அதைச் சுற்றியுள்ள கம்போங் மெட்ராஸ் பகுதியில் வாழ்கிறார்கள் என்பதால் தாயாரின் உணவுக்கும் அங்கே கவலையில்லை.

இரண்டு, தோராஜா. மக்காசாரிலிருந்து ரந்தெபாவோ வரை 300 கிலோமீட்டருக்கு மேல். இரவுப் பேருந்தில் எட்டொன்பது மணி நேரம் ஆகும். ஜூலையும் ஆகஸ்டும் அங்கே ஈமச் சடங்குகளின் பருவம். இறந்தவரைப் பல மாதம், சில வீடுகளில் ஆண்டுக்கணக்காக, பதப்படுத்தி வீட்டிலேயே வைத்திருந்து, வெளியூரில் வேலை செய்யும் உறவினர் அனைவரும் வந்து சேர்ந்த பிறகு நாள்கணக்கில் நடத்தும் பெருவிழா அது. உள்ளூர் வழிகாட்டியுடன், கறுப்பு உடையில், வீட்டாருக்குச் சர்க்கரையோ சிகரெட்டோ அன்பளிப்பாக எடுத்துச் சென்றால் அந்நியரையும் விருந்தினராகவே அமர்த்துவார்கள். ஆனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: நட்டநடு முற்றத்தில், எல்லோர் கண்முன்னும் எருமைகளை வெட்டுவார்கள். உங்கள் தாயாரை அழைத்துச் செல்வதற்கு முன் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் பட்டியலில் சேர்க்காத ஓர் இடத்தையும் சொல்லத் தோன்றுகிறது. போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானில் தஞ்சோங் புத்திங் தேசியப் பூங்கா உள்ளது. பங்கலான்புன் விமான நிலையத்தில் இறங்கி, குமாய் துறையில் குளோத்தோக் என்னும் மரப்படகில் ஏறினால், மூன்று நாள் படகே வீடு. மேல்தளத்தில் மெத்தை விரித்துக் கொசுவலை கட்டித் தருவார்கள். கீழே சமையல்காரர் சமைத்துக்கொண்டே வருவார். முதலில் சேற்று நிறத்தில் ஓடும் ஆறு, கிளை பிரிந்து காம்ப் லீக்கி பக்கம் திரும்பியதும் பால் சேர்க்காத தேநீர் நிறத்துக்கு மாறி, மரங்களைக் கண்ணாடிபோல் காட்டும். மாலையில் கரையோர மரக்கிளைகளில் நீள்மூக்குக் குரங்குகள் கூட்டமாக வந்து அமரும். காம்ப் லீக்கி என்பது 1971ஆம் ஆண்டு பிருத்தே கல்திகாஸ் ஒராங்குட்டான் ஆய்வைத் தொடங்கிய இடம்; அங்கே பிற்பகலில் மேடையில் பழம் வைக்கும்போது ஒராங்குட்டான்கள் கிளைகளில் தாவி இறங்கி வரும். காட்டில் பழம் மிகுந்திருந்தால் ஒன்றுகூட எட்டிப் பார்க்காமலும் போகலாம். அதனால்தான் ஒரு நாள் பயணமாகச் செல்லாமல் மூன்று நாள் தங்க வேண்டும் என்கிறேன். நடை குறைவு, பெரும்பாலும் பலகைப் பாதையும் சமதரையுமே. சுமத்ராவின் புக்கிட் லாவாங்கில் ஒராங்குட்டான் பார்க்கச் செங்குத்தான காட்டுச் சரிவுகளில் வேரைப் பிடித்து ஏற வேண்டியிருக்கும்; அது தாயாருக்கு ஆகாது.

நாணயம் எழுதியது:

வழித்தடத்தை மேலே இருவரும் நன்றாகவே அலசிவிட்டதால் விசா, பணம், உணவு மூன்றை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு, வந்திறங்கியதும் பெறும் விசா உண்டு. கட்டணம் ஆளுக்கு 500,000 ரூப்பியா, 30 நாள் செல்லும், ஒருமுறை மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். இதையே மின்விசாவாகக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் முன்கூட்டி எடுத்துவிட்டால் விமான நிலையத்தில் ஒரு வரிசை மிச்சம். அதே பெயரில், அதே தோற்றத்தில், கூடுதல் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும் என்பதால் முகவரி go.id என்று முடிகிறதா எனப் பாருங்கள். கடவுச்சீட்டு இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். திரும்பும் விமானச் சீட்டையும் கேட்பார்கள். பாலிக்குள் நுழையும் வெளிநாட்டவர் 2024 பிப்ரவரி முதல் தனியாக 150,000 ரூப்பியா சுற்றுலா வரி செலுத்த வேண்டும். அதையும் இணையத்திலேயே செலுத்திவிடலாம்.

பணத்தில் பூச்சியங்களே முதல் சிக்கல். புழக்கத்திலுள்ள மிகப் பெரிய தாள் 100,000 ரூப்பியா. உணவகப் பட்டியலில் 35 என்று மட்டும் எழுதியிருந்தால் அது 35,000 என்று கொள்ள வேண்டும். 10,000 தாளையும் 100,000 தாளையும் வேறு வேறு அறைகளில் வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி இயந்திரங்கள் பல, பணத்தை முதலில் நீட்டிவிட்டு அட்டையைப் பிறகு தரும் வகையைச் சேர்ந்தவை. பணம் வந்த மகிழ்ச்சியில் அட்டையை விட்டுவிட்டு நடப்பவர்கள் ஏராளம். இருட்டுச் சந்துகளில் சந்தை விலையைவிட அதிகம் தருவதாகப் பலகை வைத்திருக்கும் நாணய மாற்றுக் கடைகளை எட்டியும் பார்க்க வேண்டாம்; எண்ணிக் கொடுக்கும் விரல் வேகத்தில்தான் அவர்களுடைய லாபம் இருக்கிறது.

பாலியில் ஸ்கூட்டர் எடுத்து ஓட்டலாம் என்ற எண்ணம் உங்கள் கணவருக்கு இருக்குமானால், இருசக்கர வாகனத்துக்கும் செல்லத்தக்க பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீடு கைகொடுக்காது. மூன்று பேருக்கு ஓட்டுநரோடு கார் எடுப்பதே வசதி, அதிகச் செலவும் இல்லை.

உணவு. தெம்பே என்னும் புளிக்கவைத்த சோயாக் கட்டி, தோஃபு, காய்கறி, வேர்க்கடலைச் சாறு என்று சைவத்துக்கான பொருள்கள் எல்லா ஊரிலும் நிறைந்திருக்கின்றன. கெடுப்பது தெராசி என்னும் இறால் விழுதுதான். சம்பால் என்னும் மிளகாய்த் துவையலில் இருக்கும், கீரை வதக்கலில் இருக்கும், காய்களின்மேல் ஊற்றும் கடலைச் சாற்றிலும் இருக்கலாம். மேலே தூவித் தரும் அப்பளம் போன்ற குருப்புக்கும் பெரும்பாலும் இறால்தான். யோக்யகர்த்தாவின் புகழ்பெற்ற கூதெக், பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லத்திலும் மணிக்கணக்காக வேகவைப்பது; பார்வைக்குச் சைவம், ஆனால் பல இடங்களில் கோழியோடு சேர்த்தே வேகவைப்பார்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீனும் இறாலும் வந்துவிடும். எனவே இறைச்சி, மீன், முட்டை, தெராசி நான்கையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி மறுக்கும் இரண்டு வரியை இந்தோனேசிய மொழியில் ஓர் அட்டையில் எழுதித் தாயாரின் கைப்பையில் வைத்துவிடுங்கள். கடைக்காரர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். நின்று படித்து, இது ஆகும், இது ஆகாது என்று விரலால் காட்டுவார்கள்.

வைகறை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தாயாரிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ராஜா அம்பாட்டை விட்டாயிற்று. எருமைகளைப் பற்றிய வரி வந்ததுமே அவர் கையை உயர்த்திவிட்டதால் தோராஜாவும் போயிற்று. தோபாவை விடுவதற்கு எனக்கு மனமில்லை என்றாலும், அதற்கென்று தனியாக ஒருமுறை வருவதே முறை என்று தோன்றுகிறது. குளோத்தோக் படகைப் பற்றிப் படித்ததிலிருந்து தாயார் வேறு எதையும் கேட்பதில்லை.

ஆகவே இப்போது கையில் இருப்பவை ஜாவா, கலிமந்தான், பாலி, கொமோடோ. இதில் எனக்கு மூன்று ஐயங்கள். கலிமந்தானையும் கொமோடோவையும் இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா, ஒன்றை விட வேண்டுமா? புரோமோவில் தாயார் என்ன செய்வார்? எரிமலைச் சாம்பலால் பாலி விமானங்கள் நின்றுபோகும் செய்தியை அடிக்கடி பார்க்கிறோமே, அதற்கு எப்படித் தயாராவது?

தென்றல்வழி எழுதியது:

ஒன்றை விடுங்கள், விட வேண்டியது கொமோடோ. எனக்குக் கொமோடோவைப் பிடிக்கும், எனினும் உங்கள் குடும்பத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பாதிப் பொழுது திறந்த கடலில் கழியும். தாயாரால் இறங்கி ஏற முடியாத படகுத்துறைகள் உண்டு. எல்லாரும் படம் எடுக்கும் பாடார் தீவின் உச்சிக்குப் பல நூறு படிகள் ஏற வேண்டும். அந்தத் தீவுக்குப் பெயர் தேடித்தந்த, மூன்று மீட்டர் வரை வளரும் ராட்சதப் பல்லிகளுக்கு ஜூலை, ஆகஸ்டு இணைசேரும் பருவம் என்பதால், மற்ற மாதங்களைப்போல் எளிதில் கண்ணில் படுவதும் இல்லை. கலிமந்தானில் ஆறு அமைதியானது, சமையல் உங்கள் படகிலேயே நடக்கிறது, சமையல்காரரிடம் குமாயிலேயே சொல்லிவிட்டால் அட்டையைக்கூட வெளியே எடுக்க வேண்டாம்.

ஆனால் கலிமந்தானைச் சேர்ப்பதாயின் நான் முன்பு சொன்ன வரிசை மாறும். ஆண்டு வறண்டதாக இருந்தால் ஆகஸ்டு பிற்பகுதி தொடங்கிக் கலிமந்தானின் கரிச்சதுப்பு நிலங்களில் தீப்பிடித்துப் புகை மூடும். பொதுவாக அது செப்டம்பரில்தான் கடுமையாகும் என்றாலும், முன்னதாகவே சென்றுவிடுவது பாதுகாப்பு. ஆகவே ஜகார்த்தாவில் ஓர் இரவு தங்கியதும் நேராகப் பங்கலான்புன். படகில் மூன்று நாள். அங்கிருந்து சுரபாயாவுக்குப் பறந்து, சாலை வழியாகப் புரோமோ. பிறகு ரயிலில் மேற்கே திரும்பி யோக்யகர்த்தா. அங்கிருந்து விமானத்தில் பாலி. யோக்யகர்த்தாவின் புதிய விமான நிலையம் நகருக்கு மேற்கே வெகுதூரத்தில் கூலோன் புரோகோவில் இருக்கிறது. நகர நிலையத்திலிருந்து அதற்கென்றே ரயில் ஓடுகிறது, காரைவிட அதுவே நம்பகமானது. இவ்வரிசையில் பாலி நீரிணைப் படகும் இல்லாமல் போகிறது. ஜாவாவில் இருக்கும்போது ஆகஸ்டு 17 வருமாறு அமைந்தால் விடுதலை நாள் கொண்டாட்டத்தைச் சிறு ஊர்களில் பாருங்கள். எண்ணெய் தடவிய கம்பத்தின் உச்சியில் சைக்கிள் சக்கரம், வாளி, வாணலி எல்லாம் தொங்க, இளைஞர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறிச் சறுக்குவார்கள். நீங்கள் ஜூலைக் கடைசியில் தொடங்குவதால் அந்நாளில் பாலிக்கு வந்துவிட்டிருப்பீர்கள் என்றே தோன்றுகிறது. அங்கும் கொண்டாட்டம் உண்டு.

புரோமோவுக்குச் செமோரோ லாவாங் சிற்றூரில் தங்குங்கள். அந்த ஊரே பழைய எரிமலை வாயின் விளிம்பில் அமைந்திருப்பதால், விடுதியிலிருந்து சற்று நடந்தாலே கீழே மணற்கடலும் அதன் நடுவில் புகையும் வாயும் தெரியும். ஜீப்பில் நள்ளிரவுக்குப் பின் எழுந்து பெனாஞ்சாக்கான் காட்சிமேடைக்கு நீங்கள் இருவரும் செல்லலாம். தாயார் விடிந்தபின் எழுந்து, தேநீரோடு விளிம்பில் நின்று பார்த்தால் போதும், அவருக்குக் கிடைப்பது குறைந்த காட்சி அல்ல. வாயின் உதடு வரை ஏறச் சுமார் 250 படிகள் உள்ளன; அவர் அதைத் தவிர்க்கட்டும். ஜூலை, ஆகஸ்டு இரவுகளில் அங்கே வெப்பநிலை ஐந்து பாகைக்கும் கீழே இறங்கும். வெப்பநாடு என்ற நினைப்பில் மேலாடை இல்லாமல் வருவோர், ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் பழைய கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு நிற்பதை ஒவ்வொரு விடியலிலும் காணலாம்.

ஜாவாவின் கிழக்கிலுள்ள ஈஜென் எரிமலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வழியில் யாராவது சேர்த்துத் தருகிறேன் என்பார்கள். கந்தகக் கட்டிகளை எழுபது கிலோவுக்கு மேல் தோளில் சுமந்து எரிமலை வாயிலிருந்து ஏறிவரும் தொழிலாளர்கள், இப்போது வண்டியில் சுற்றுலாப் பயணிகளையும் உட்காரவைத்து இழுத்து ஏற்றுகிறார்கள். தாயாரை அப்படி ஏற்றலாம் என்று ஆலோசனை வரும். அங்கே அடிக்கடி மாறும் நச்சுப்புகையை எண்ணி, வேண்டாம் என்றே சொல்வேன்.

ஏரிக்கரை எழுதியது:

மூன்றாம் ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். புளோரஸ் தீவிலுள்ள லெவோதோபி லக்கி-லக்கி எரிமலை 2024 நவம்பரிலும் 2025 ஜூன், ஜூலை மாதங்களிலும் வெடித்தபோது, அதன் சாம்பல் பல நூறு கிலோமீட்டர் மேற்கே பரவிப் பாலிக்கு வரும் விமானங்கள் ஏராளமாக நிறுத்தப்பட்டன. எரிமலை எங்கே இருக்கிறது என்பதைவிடக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதே முக்கியம்; ஜூலை, ஆகஸ்டில் அது கிழக்கிலிருந்து மேற்காகத்தான் வீசும். நாட்டின் எரிமலை ஆய்வு அமைப்பு, ஒவ்வொரு மலைக்கும் இயல்பு, விழிப்பு, ஆயத்தம், அபாயம் என நான்கு படிநிலைகளை அறிவித்து, மாக்மா இந்தோனேசியா என்ற தளத்தில் அன்றாடம் புதுப்பிக்கிறது. புரோமோவுக்குச் செல்வதற்கு முந்தின நாளும் அதைப் பார்க்கத்தான் வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. பாலியைக் கடைசியில் வையுங்கள், ஆனால் நாடு திரும்பும் விமானத்தையும் அதற்குமுன் வரும் உள்நாட்டு விமானத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். இடையில் முழுதாக இரண்டு நாள் இருக்கட்டும். காப்பீடு எடுக்கும்போது எரிமலைச் சாம்பலால் நேரும் தாமதத்தை அது ஏற்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். வெடிப்புச் செய்தி வந்த பிறகு எடுத்த காப்பீட்டை நிறுவனங்கள் ஏற்பதில்லை.

பாலியில் எங்கே தங்குவது என்று கேட்கப்போகிறீர்கள். தென்கடற்கரைக் கூட்டத்தில் சிக்காமல், கிழக்கே சிடமென் பள்ளத்தாக்கிலோ வடக்கே முண்டுக் மலையூரிலோ ஓரிடத்தைப் பிடித்து, கடைசி இரண்டு இரவுகளை மட்டும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சனூரில் கழியுங்கள். சனூர்க் கடற்கரையில் பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சமதளமான நடைபாதை உண்டு. காலையில் தாயார் அதில் நடக்கலாம்.

நாணயம் எழுதியது:

சீட்டுகளை எந்த வரிசையில் எடுப்பது என்பதை மட்டும் சேர்த்துவிடுகிறேன், ஏனெனில் இங்கேதான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் குளோத்தோக் படகு. நல்ல படகுகள் ஆகஸ்டுக்குச் சில மாதம் முன்பே நிறைந்துவிடும். படகு நாள் உறுதியானதும் பங்கலான்புன் விமானம். அங்கே விமானங்கள் சில மட்டுமே என்பதால் அவற்றின் நேரம்தான் உங்கள் நாளை முடிவு செய்யும். மூன்றாவதாகப் போரோபுதூரில் ஏறும் சீட்டும் நாட்டிய நாடகச் சீட்டும். ரயில் சீட்டு குறிப்பிட்ட நாள்களுக்கு முன்புதான் விற்பனைக்கு வரும் என்பதால் அது நான்காவது. பாலி விடுதிகளைக் கடைசியாக எடுத்தாலும் நட்டமில்லை. ரத்து செய்யக்கூடிய வகையில் எடுங்கள், சாம்பல் வந்தால் அதுதான் உதவும்.

வைகறை எழுதியது:

படகுக்காரருக்கு இன்று எழுதிவிட்டேன். தெராசி வேண்டாம் என்பதை முதல் கடிதத்திலேயே சேர்க்கும்படி தாயார் சொன்னார், சேர்த்திருக்கிறேன். பதில் வந்ததும் நாள்களை இங்கே இடுகிறேன். ரயில் நேரங்களை அப்போது ஒருமுறை சரிபார்த்துத் தருமாறு தென்றல்வழி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.